மரச்சட்டக் கொட்டகைக்கு உலோகப் போர்வை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் உடையை உலகிற்கு அளிக்கும் ஊர் திருப்பூர். 1925-ஆம் ஆண்டளவில் சில பின்னல் இயந்திரங்களைக் கொண்டு தொடங்கிய பனியன் தொழில், இன்று அந்நகரைக் கடந்து அவிநாசி, பல்லடம் முதலிய சுற்றூர்களிலும் பரந்து நிற்கின்றது. அத்தொழிலுக்கே உறையுள் யாது என்று நோக்குவோமாயின், பெருஞ்செல்வர்க்குக் காரைக் கட்டடங்கள் உண்டு. சிறுதொழில் செய்வோர்க்கோ பெரும்பாலும் தகரக் கொட்டகையே துணை. துணிமூட்டை ஏற்றும் வண்டி நிற்பதும், பஞ்சுக்கழிவு குவிந்திருப்பதும், நாலைந்து தையல் இயந்திரங்கள் ஓடுவதும் அங்கேதான். தோட்டத்துச் சாளையை அடுத்து உழவர் அமைக்கும் வண்டிக்கொட்டகையும் இவ்வினத்ததே.

இத்தகைய கொட்டகைகளுக்கு இக்காலத்தில் இரும்புக் குழாய்ச் சட்டம் மிகுதியாக வழங்கினும், பனை, வேம்பு, தேக்கு ஆகிய மரங்களால் சட்டம் கட்டி, பக்கங்களில் உலோகத் தகடு அடைப்பதும் முற்றும் மறையவில்லை. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு இத்தகட்டின் பின்னே நிற்பதுண்டு. ஆகவே, அதனை எங்ஙனம் பொருத்துவது என்பது கொல்லர்க்கும் தச்சர்க்கும் மட்டும் உரிய வினாவன்று. நாம் அனைவரும் அறியத்தக்கதேயாம்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்வோம். தகட்டுச் சுவர் என்பது நீரை அறவே புகவிடாத கோட்டையன்று. அஃது ஓர் ஆடை. புறத்து மழையைத் தடுப்பதோடு, அகத்து வியர்வையை வெளியேற்றுவதும் நல்லாடையின் இலக்கணம். இவ்விரண்டாவது கடமையை மறந்து கட்டிய கொட்டகையில், தகடு பளபளத்து நிற்க, அதன்பின் மரம் கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும்.

தகரமும் துத்தநாகமும்

நாம் தகரம் என வழங்குவது உண்மையில் தகரமன்று. தகரம் என்னும் உலோகம் வேறு. எண்ணெய் டப்பாக்கள் அதனாற் பூசப்பெற்றவை. சுவருக்கும் கூரைக்கும் இடும் தகடு துத்தநாகம் பூசிய இரும்பாகும். இவ்வேறுபாடு வெறும் பெயரளவினதன்று. தகரப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால், அவ்விடத்து இரும்பு முன்னிலும் விரைவாகத் துருப்பிடிக்கும். துத்தநாகமோ, கீறல் விழுந்தவிடத்தும் இரும்பிற்கு முன்னர்த் தான் கரைந்து அதனைக் காக்கும். அருகிருக்கும் பூச்சு முற்றும் அழியும்வரை சிறு கீறலுக்கு அஞ்சவேண்டுவதில்லை.

தகட்டிற்கு அலைவடிவம் கொடுத்து அதனை வலுவுறச் செய்யும் முறைக்கு, இலண்டன் துறைமுகத்தில் பணிபுரிந்த ஹென்றி ராபின்சன் பாமர் என்னும் பொறியாளர் 1829-ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்றார். மெல்லிய தாளைத் தட்டையாகப் பிடித்தால் வளையும். மடித்து மடித்துப் பிடித்தால் நிற்கும். அதுவே அலைத்தகட்டின் இரகசியம். உருக்கிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறைக்குப் பிரான்சு நாட்டு சோரெல் என்பவர் 1837-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். தவளைக்கால்களில் மின்னோட்டத்தை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் கால்வனியின் பெயரால் இத்தோய்ப்பு வழங்குகின்றது. இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தபின், மரச்சட்டமும் அலைத்தகடும் கொண்ட வீடுகளும் ஆலயங்களும் கப்பலேறிக் கலிபோர்னியாவிற்கும் ஆஸ்திரேலியாவிற்கும் சென்றன. நம் பக்கத்தில் உதகை, குன்னூர் வீடுகளின் கூரைகளிலும், வால்பாறை, நீலகிரி, இலங்கை மலைநாடு ஆகிய இடங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இத்தகட்டை இன்றும் காணலாம்.

கடையில் தகடு வாங்குவோர் கனத்தை மட்டும் வினவுவர். பூச்சின் அளவையும் வினவுதல் வேண்டும். இந்தியத் தர நிறுவனத்தின் 277-ஆம் எண் நியமம், ஒரு சதுர மீட்டர்த் தகட்டின் இருபுறமும் சேர்த்து எத்தனை கிராம் துத்தநாகம் உளது என்பதைக் கொண்டு தகடுகளை வகுக்கின்றது. 275 கிராம் பூச்சாயின், ஒருபுறத்தில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. 120 கிராமாயின் அதனிற் பாதிக்கும் குறைவு. கடைவாயிலில் இரண்டும் ஒரேவிதமாகவே ஒளிரும். ஆண்டுகள் செல்லச் செல்லவே வேற்றுமை விளங்கும். 1972-ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த, அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுத் தகடுகளும் இன்று மிகுதியாகக் கிடைக்கின்றன. சலவைப்பட்டறை, சாயப்பட்டறை ஆகியவற்றின் அருகே குளோரின் ஆவியும் உப்பும் காற்றிற் கலத்தலால், அங்கே கட்டுவோர் கனத்த பூச்சும் அதன்மேல் வர்ணமும் உடைய தகட்டையே கொள்ளுதல் நன்று.

காற்றும் மழையும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்து கிடக்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று அவ்வாயில் வழியே பாய்ந்து கொங்குநாட்டில் விரைகின்றது. பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழி இங்கே மிகையாகத் தோன்றாது.

கட்டடங்களுக்கான இந்திய நியமத்தில் கோயம்புத்தூருக்குக் குறித்த அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 39 மீட்டர். அஃதாவது மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். அவ்வேகத்துக் காற்று ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் ஏறக்குறைய 93 கிலோ எடைக்கு நிகராக அழுத்தும். பத்தடி உயரமும் இரண்டரை அடி அகலமும் உள்ள ஒரு தகட்டின்மேல் அது 200 கிலோவிற்கு மேலாகும். 16 திருகாணிகள் அச்சுமையைப் பகிர்ந்துகொண்டால் ஒன்றுக்குச் சுமார் 13 கிலோ. நான்கு மூலைகளிலும் ஒவ்வோர் ஆணி அடித்து நிறுத்தினாலோ ஒன்றுக்கு 50 கிலோவிற்கு மேல். சுவரின் மூலைகளில் காற்று தகட்டை வெளிப்புறமாக உறிஞ்சி இழுக்கும் விசை இதனினும் மிகும். பிடிதளர்ந்து பறக்கும் தகடு வழிப்போக்கர் மேனியில் வாள்போற் பாயும். ஆகையால் ஆணியிற் செய்யும் சிக்கனம் பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

வண்டிக்கொட்டகைக்குப் பிறிதோர் இடரும் உண்டு. அதன் வாயில் பெரிது. வாயில் மேற்கு நோக்கித் திறந்திருப்பின், உட்புகுந்த காற்று வெளியேற வழியின்றிச் சுவர்களை உள்ளிருந்து வெளியே தள்ளும். கூரையை மேலே தூக்கும். இடம் இசையுமாயின் வாயிலைக் கிழக்கிலோ வடக்கிலோ வைத்தலே முறை. மேற்கில் வைக்க நேரின், கதவிற்கு நல்ல தாழும், சுவருக்கு மிகுந்த ஆணிகளும் வேண்டும்.

மழையோ மலைக்கு இப்பால் குறைவு. வருவதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. ஆகவே இவ்வட்டாரத்துக் கொட்டகைக்குக் காற்று ஒரு திசை, மழை மற்றொரு திசை. தகடு பொருத்தும்பொழுது இவ்விரண்டையும் கருதவேண்டும்.

மரச்சட்டம்

மரத்திற்கு முதற்பகை கறையான், இரண்டாம்பகை ஈரம். கறையான் ஈரத்தை நாடுவதால், இவ்விரண்டும் பெரும்பாலும் உடன்பிறந்தன போலவே வரும். தூண்களை மண்ணிற் புதைப்பதை விடுத்து, தரைக்குமேல் ஓரடியேனும் கருங்கல்லாலோ செங்கல்லாலோ குட்டைச்சுவர் எழுப்பி, அதன்மேல் தார்க்காகிதம் விரித்து, அக்காகிதத்தின்மேல் அடிச்சட்டத்தை வைத்துப் போல்ட்டினால் இறுக்குதல் வேண்டும். கல்லில் ஏறும் ஈரம் மரத்தைத் தொடாவண்ணம் காகிதம் காக்கும். வைரம் பாய்ந்த மரத்தையே கொள்க. வெளிறு விரைவிற் கறையானுக்கு இரையாகும்.

பச்சை மரம் உலரும்பொழுது சுருங்கும்; சுருங்கவே ஆணியின் பிடி தளரும். எனவே மரம் நன்கு உலர்ந்தபின்னரே வேலை தொடங்குக. செம்புச் சத்து ஊட்டிப் பதப்படுத்திய மரத்தைப் பயன்படுத்துவோர், அம்மரம் நேரே தகட்டைத் தொடாதவாறு இடையே தார்க்காகிதம் இடவேண்டும். ஏனெனில் செம்பும் துத்தநாகமும் ஈரத்திற் கூடினால் துத்தநாகமே அழியும்.

நான்கு சட்டங்களால் ஆகிய சதுரம் எளிதிற் சாய்ந்து போகும், முக்கோணம் சாயாது. ஆதலால் ஒவ்வொரு மூலைக்கும் அருகே குறுக்காக ஒரு சாய்சட்டம் அறைதல் இன்றியமையாதது. தகடே சட்டத்தைத் தாங்கிக்கொள்ளும் என்று சாய்சட்டத்தை விடுவோர் உளர். ஆணித்துளைகள் சிறிது தளர்ந்தவுடன் அத்தாங்கல் இல்லாது போகும்.

மூச்சுவிடும் இடைவெளி

மார்கழி விடியலில் புல்லின்மேல் பனி படிவதை அறிவோம். தெளிந்த இரவில் தகடும் புல்லைப்போலவே தன் வெப்பத்தை வானிற்கு இழந்து, சூழ்ந்த காற்றினும் குளிர்ந்துவிடும். அப்பொழுது உள்ளே தேங்கிய காற்றின் ஈரம் தகட்டின் உட்புறத்தில் துளித்துளியாகப் படியும். இஸ்திரிப்பெட்டியின் நீராவி எழும் கொட்டகையில் இது மிகும். ஒரு துளை, ஒரு கீறல் இன்றியும் தகட்டுச் சுவரின் உட்புறம் நனையக்கூடும் என்பதைப் பலர் அறியார். ஒழுகுகின்றது எனத் தவறாக எண்ணித் துளை தேடி அலைவர்.

இதற்குப் பரிகாரம் எளிது. தூண்களின் வெளிப்புறத்தே தார்க்காகிதத்தையோ, நீரைத் தடுத்து ஆவியை விடும் புதுவகைத் துணியையோ, கீழிருந்து மேலாக அடுக்கடுக்காகப் போர்த்துக. அதன்மேல் குறுக்குச் சட்டங்களைப் படுக்கைவாக்கில் அறைக. அவற்றின்மேல் தகட்டை நெடுக்காக நிறுத்துக. அலையின் முகடுகள் சட்டத்தைத் தொடாமல் விலகி நிற்றலால், அடிமுதல் முடிவரை சிறு வாய்க்கால்கள் தாமே அமையும். படிந்த நீர் அவற்றின் வழியே கீழே வழியும்; வெம்மையுற்ற காற்று மேலே செல்லும். கீழ்வாயையும் மேல்வாயையும் சிமெண்டால் அடைத்துவிடின் இவ்வளவும் வீண். எலியும் குளவியும் புகாதவாறு துளையிட்ட தகட்டுப் பட்டையால் மூடினாற் போதும்.

தகடு பொருத்தும் முறை

வாங்கிய தகடுகளைத் தரையில் அடுக்கி மழையில் விடலாகாது. இடுக்கில் தேங்கிய நீரால் வெண்துரு தோன்றித் துத்தநாகத்தை, சுவரேறுமுன்னரே தின்றுவிடும். கட்டைகளின்மேல் சற்றுச் சாய்வாக வைத்து மூடுக.

வெட்டுதற்குத் தகரக் கத்தரியே தக்கது. விரைந்து சுழலும் அரைவட்டால் வெட்டினால், அதன் வெப்பம் விளிம்புப் பூச்சை எரிக்கும்; சிதறும் தீப்பொறித் துகள்கள் தகட்டின்மேல் ஒட்டி ஒவ்வொன்றும் ஒரு துருப்புள்ளியாகும். வேலை முடிந்த அன்றே துகள்களைத் துடைத்துவிடுக.

பத்தடித் தகட்டிற்கு அடி, முடி, இடையில் இரண்டு என நான்கு குறுக்குச் சட்டங்கள் வேண்டும். முதல் தகட்டைத் தூக்குநூலிட்டு நேராக நிறுத்துக. அது கோணினால் பின்வருவன அனைத்தும் கோணும். அதன் கீழ்விளிம்பு அடிச்சட்டத்தைக் கடந்து, குட்டைச்சுவரின் வெளிமுகத்தில் இரண்டு அங்குலம் தொங்கவேண்டும். ஆனால் சுவரை ஒட்டலாகாது. ஒட்டினால் ஈரம் ஏறும். சிமெண்டின் காரமும் பூச்சை அரிக்கும். தரைக்கும் தகட்டிற்கும் ஆறு அங்குலமேனும் இடைவெளி வேண்டும்.

வடக்கு, தெற்குச் சுவர்களில் வேலையைக் கிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே செல்க. அப்பொழுது ஒவ்வொரு மேல்தகட்டின் திறந்த விளிம்பும் கிழக்கு நோக்கும். ஆடிக்காற்று அதனைக் கிளப்பாது. அவ்விளிம்பில் வடகிழக்கு மழை தாக்குமே எனின், ஓர் அலை மேவுவதற்கு மாறாக இரண்டு அலைகள் மேவவிடுக. நீர் முதல் அலையைக் கடப்பினும் இரண்டாவதில் விழுந்து கீழே வழிந்துவிடும்.

கூரையில் ஆணியை அலைமுகட்டில் அடிப்பர். நீர் பள்ளத்தில் ஓடுதலே காரணம். சுவரில் நீர் தேங்காது. காற்றின் இழுப்பே பெரிது. எனவே சுவரில் திருகாணியைப் பள்ளத்தில், தகடு சட்டத்தைத் தொடுமிடத்தில் இறக்குக. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் தகட்டிற்கு நான்கு வீதம் இடுக. மூலைத் தகடுகளுக்கு இன்னும் நெருக்கமாக இடுக. ஆணித்தலையின்கீழ் இரப்பர் வளையம் இருத்தல் வேண்டும். வளையம் சற்றே பிதுங்குமளவு இறுக்குக. மிக இறுக்கினால் வளையம் கிழியும்; தளர்த்திவிட்டால் நீர் புகும். வழுக்காணியினும் திருகாணியே சிறந்தது. ஏனெனில் பத்தடி இரும்புத் தகடு, வெப்பம் 40 பாகை ஏறும்பொழுது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். நாள்தோறும் நிகழும் இச்சிறு அசைவு வழுக்காணியை மெல்ல மெல்ல வெளியே இழுத்துவிடும்.

கதவு, சாளரம், மூலை

தகட்டின் நடுவே நீர் புகுதல் அரிது. திறப்புகளின் ஓரத்திலேதான் புகும். ஓடு வேய்வார் அறிந்த ஒரே விதி இங்கும் போதும்: மேலது கீழதின்மேல் படியவேண்டும். சாளரத்திற்கு முதலில் அடித்தகடு, பின்னர்ப் பக்கத்தகடுகள், இறுதியில் தலைத்தகடு. தலைத்தகட்டின் மேல்விளிம்பு தார்க்காகிதத்தின் உள்ளே செருகப்பட வேண்டும். கீழ்விளிம்பு வெளியே வளைந்து நீரைச் சொட்டவிட வேண்டும். இவ்வரிசையை மாற்றிவிட்டு எத்துணைப் பசையிட்டு அடைப்பினும், பசை வெயிலில் வெடித்த அன்று நீர் புகும். மூலைகளில் வளைத்த மூலைத்தகடு இருபுறமும் இரண்டு அலைகளையேனும் மூடுதல் வேண்டும்.

உள்ளே இருப்போர்

இதுகாறும் கொட்டகையைப் பற்றிக் கூறினோம். அதனுள் பத்து மணிநேரம் அமர்ந்து தைப்பவரைப் பற்றியும் எண்ணவேண்டாமா? சித்திரை வெயிலில் தகட்டைத் தொட்டால் கை சுடும். வெள்ளை வர்ணம், முன்கூறிய காற்றுவழி, கூரையடியில் எதிரெதிரே திறப்பு ஆகிய மூன்றும் மிகச் சிறு செலவில் அவ்வெம்மையைத் தணிக்கும்.

மின்கம்பி கூரிய தகட்டு விளிம்பில் உராய்ந்து தோல் கிழியுமாயின், சுவர் முழுவதும் மின்னேறும். தொட்டவர் உயிர் தப்புவது அரிது. கம்பியைக் குழாயினுள் செலுத்துக. துளையில் இரப்பர் வளையம் இடுக. தகட்டிற்கு நிலத்தொடர்பு கொடுக்க. கசிவு நேரின் மின்னோட்டத்தைத் தானே துண்டிக்கும் கருவியும் வைக்க. அன்றியும், தகரம் எரியாது என நம்பி, பஞ்சுக்கழிவைச் சுவரோடு சேர்த்துக் குவிப்பர். தகடு எரியாது, அதன்பின் மரம் எரியும், பஞ்சு எரியும். ஆகவே பணியாளர் இருக்கும் கொட்டகைக்கு இரண்டாம் வாயில் ஒன்று வேண்டும். அதனை மூட்டைகளால் அடைத்தலும் ஆகாது.

முடிவாக, தகட்டுச் சுவரின் ஆயுள் நாம் கண்ணாற் காணும் பளபளப்பில் இல்லை. காணாத இடைவெளியிலும், கணக்கிட்டு இறக்கிய ஆணியிலும், மேலது கீழதின்மேல் படியும் ஒழுங்கிலுமே உளது. ஆண்டுக்கு இருமுறை, ஆடிக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும், கொட்டகையை ஒருமுறை சுற்றிவந்து தளர்ந்த ஆணியை இறுக்குவதும், கீழ்விளிம்பில் குவிந்த மண்ணை அகற்றுவதும் அரைநாள் வேலையே. நம் மாணாக்கர் விடுமுறையில் ஊர் செல்லும்பொழுது, தம் வீட்டுக் கொட்டகையின் தகட்டடியிற் குனிந்து, காற்று செல்ல வழி உளதா என நோக்குவாராக. இல்லையெனின், அடைத்த சிமெண்டை உளியாற் பெயர்த்து அவ்வழியைத் திறப்பாராக. பெற்றோர்க்கு அது பெரும் பொருள் காத்துத் தருவதாகும்.